வேடந்தாங்கல் ஏரிக்கரையில்

சென்னைக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில், படாளம் கூட்டு ரோட்டிலிருந்து மேற்கே பிரியும் பாதையில், வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் இருக்கிறது. வேடர் தங்கிய ஊர் என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர். வேடர் பெயர் தாங்கிய ஊரே பறவைகளுக்குத் தஞ்சமாக விளங்குவது விந்தையன்றோ!

தை மாதத்து மாலைப் பொழுதொன்றில் மாணாக்கர்களுடன் ஏரிக்கரைமீது நின்றோம். ஏரி பெரியதன்று, சுமார் 75 ஏக்கர் விஸ்தீரணந்தான். ஆயினும் நீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் இலை தெரியாதபடி பறவைக் கூட்டம்! நத்தைகுத்தி நாரை, வக்கா, நீர்க்காகம், கரண்டிவாயன், கூழைக்கடா எனப் பல ஜாதிகள் அக்கம்பக்கமாகக் குடித்தனம் செய்கின்றன. கூழைக்கடாக் குஞ்சு, தாயின் தொண்டைப் பைக்குள் தலையை நுழைத்து மீன் உண்பதைக் கண்டு சிறுவர்கள் கைகொட்டி நகைத்தார்கள். கரையிலிருந்த கிழவர் ஒருவர் உதட்டில் விரல் வைத்து அவர்களை அடக்கினார்.

இவ்வூராரின் பரிவு புதிதன்று. கும்பினி ஆட்சியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டனர். லயனெல் பிளேஸ் துரை 1798-ல் அவர்களுடைய உரிமையை அங்கீகரித்துக் கௌல் எழுதிக் கொடுத்தார். பறவைகளும் நன்றி மறக்கவில்லை. அவற்றின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீரே கழனிகளுக்கு உரமாகப் பாய்கிறது.

ஓர் ஊர் வழக்கமாகக் கொண்டதைத் தேசம் 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமாக்கியது. அதன்படி சரணாலயத்தில் வேட்டையாடுவது மட்டுமன்று, அங்கு வரும் நீரை அனுமதியின்றித் தடுப்பதும் திருப்புவதுங்கூடக் குற்றமாகும். 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

சிறிய ஏரிக்கு இத்தனை எல்லை எதற்கு என்று கேட்போர் உண்டு. பறவை கூடு கட்டுவது இங்கே; இரை தேடுவதோ சுற்றூர் வயல்களிலும் ஏரிகளிலும். அங்குள்ள நத்தையிலும் மீனிலும் நஞ்சு கலந்தால், துப்பாக்கி வெடிக்காமலே குஞ்சுகள் மடியும். ஆகவே, கழிவு நீரைக் கட்டுப்படுத்தும் 1974-ஆம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், 1986-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் பறவைக்குக் காவலாகின்றன. 2020-ல் எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்க யோசனை எழுந்தது. பலத்த கண்டனத்துக்குப் பின் அது கைவிடப்பட்டது. 2022-ல் இவ்விடம் ராம்சார் ஒப்பந்தத்தின் ஈரநிலங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அதை எடுத்துக் கேட்பவர் வேண்டும். எந்தச் சட்டமும் இல்லாத காலத்தில், அந்நிய அதிகாரியின் முன் சென்று பறவைகளுக்காக வழக்குரைத்தவர்கள் வேடந்தாங்கல் குடியானவர்கள். எழுத்தறிவும் சட்டமும் பெற்றிருக்கும் நாம், நம்மூர் ஏரியில் கழிவு நீர் விழக் கண்டால், ஒரு மனுவேனும் எழுத வேண்டாமா?