ஏர்னும் ஏரும்

இளங்கலை மாணவராயிருந்த காலத்து, துறைக் கருத்தரங்கிற்கென நாம் ஒரு கட்டுரை வரைந்தோம். உழைத்துப் பொருளீட்டுதலைக் குறிக்கும் ‘ஏர்ன்’ என்னும் ஆங்கில வினை நம் ‘ஏர்’ என்னும் சொல்லினின்றே பிறந்தது என்பது அதன் முடிபு. ஒலியும் ஒத்தது, பொருளும் ஒத்தது, வேறென்ன வேண்டும் என்றிருந்தோம். எம் தந்தையார் அறுவடைக் காலங்களில் அரிவாளோடு பிறர் வயலுக்குச் சென்று கூலிநெல் கொணர்ந்தவர். எனவே அம்முடிபில் ஆய்வைக் காட்டிலும் ஆசையே மிகுந்திருந்தது என்பதை இன்று மறைப்பானேன்!

பேராசிரியர் கட்டுரையைப் படித்து முடித்து, “தம்பி, ஒலியைக் கேட்டுவிட்டீர்கள், சொல்லின் பழைய வடிவத்தைக் கேட்டீர்களா?” என்று மட்டும் வினவினார்.

நூலகத்துச் சொற்பிறப்பு அகராதி எம் கோட்டையைத் தகர்த்தது. பழைய ஆங்கிலத்தில் இவ்வினை ‘ஏர்னியன்’. அதன் இனமொழியாகிய கோதிக்கில், கி.பி. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா பெயர்த்த விவிலியத்தில், ‘அசன்ஸ்’ என்றால் அறுவடை. ‘அஸ்னீஸ்’ என்றால் கூலியாள். இன்று ‘ஏர்ன்’ என்பதில் நாம் காணும் ரகரம் பழங்காலத்தில் சகரமாயிருந்து திரிந்தது. ரகரமே பிற்காலத்து வரவு என்றால், ஏரோடு அதற்கு உறவு ஏது?

எம் மயக்கத்திற்கு வேறொரு காரணமும் உண்டு. உழுதலைக் குறிக்கும் ‘இயர்’ என்னும் வினை ஆங்கிலத்தில் முன்னர் வழங்கிற்று. 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும் அது உண்டு. இலத்தீனில் உழுதலைச் சுட்டும் ‘அராரே’ அதன் உறவு. அக்குடும்பத்தில் ரகரம் தொடக்கமுதலே உள்ளது. இரண்டும் வயலிற் பிறந்தவையே. ஆயின் ஒன்று உழவில், மற்றொன்று அறுப்பில். அறுவடையைக் குறிக்கும் செருமானியச் சொல் ‘எர்ன்ட்டெ’ இன்றும் ‘ஏர்ன்’ என்பதன் உறவாய் நிற்கிறது.

‘ஏர்னியன்’ என்பதற்குக் கூலி பெறுதலோடு தகுதி பெறுதல் என்னும் பொருளும் உண்டு. மதிப்பையும் நற்பெயரையும் ‘ஏர்ன்’ செய்வதாக ஆங்கிலேயர் கூறுவது அதனாலேயே. நம் ‘ஈட்டுதல்’ திரட்டுதலைச் சொல்லும். திரட்டியவர் அதற்குத் தகுதியுடையவரா என்று கேளாது. 1907ஆம் ஆண்டு பிரித்தானிய நிதியமைச்சர் ஆஸ்குவித் வருமான வரியில் இவ்வேறுபாட்டையே கோடாக வரைந்தார். 2,000 பவுனுக்கு மேற்படாத வருவாயுடையோர் உழைத்துப் பெற்றதற்குப் பவுனுக்கு 9 பென்சு வரி. வட்டி, வாடகை போன்று உழையாது வந்ததற்கு 12 பென்சு. ஒரு சொல்லுக்குள் கிடந்த நியாயம் சட்டத்துள் புகுந்த இடம் அது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். விடுமுறையில் ஊர் சென்றபோது தந்தையாரிடம், “அத்தா, இங்கிலீஷ்காரன் சம்பாதிக்கிறதுக்குச் சொல்ற வார்த்தையே அறுப்புலதான் பொறந்துச்சாம்” என்றோம்.

“அங்கேயும் நெல்லுதானா?”

“கோதுமை, பார்லி.”

அவர் சற்று நேரம் அரிவாளின் பற்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

“கூலி அளந்த மரக்காலு சரியா இருந்துச்சாமா?” என்று கேட்டார்.