ஆறாம் பத்தியில் இருந்த பூச்சியம்

முனிர்கா கிராமத்தின் சந்தொன்றில், தலைக்கு மேலே மின்கம்பிகள் சிக்கலாகத் தொங்குமிடத்தில், மூன்றாம் மாடியில் பொருளியல் ஆய்வாளர் ஒருவர் தங்கியிருக்கிறார். எந்த மின்னாக்கி எவ்வளவு தந்தால் செலவு குறையும் என்று கணிக்கும் மென்பொருளை ஆய்வேட்டுக்காக அண்மையில் கற்கத் தொடங்கினார். ஆக்டேவ், மேட்பவர் இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. பயிற்சிக்கு எடுத்தது, புதியவர்கள் வழக்கமாக எடுக்கும் 14 பஸ் மாதிரி. 1962ஆம் ஆண்டின் அமெரிக்க மின்வலை ஒன்றின் பகுதி அது. (மின்னாக்கிகளும் கம்பிகளும் சந்திக்கும் கணுவே இங்கு பஸ். சாலையில் ஓடும் பஸ்ஸுக்கும் இதற்கும் மூலம் ஒன்றே: எல்லோருக்கும் எனப் பொருள்படும் ‘ஓம்னிபஸ்’ என்ற இலத்தீனச் சொல்.)

எளிமையாக்கிய நேரியல் கணக்கை ஓட்டியதும் விடை வந்தது. தேவை 259 மெகாவாட். மலிவான இரு மின்னாக்கிகளே அனைத்தையும் தந்தன. மெகாவாட்-மணிக்கு 39.02 டாலர், 14 கணுக்களிலும் அதே விலை. வலைக்குள் இடம் விலையைத் தீர்மானிப்பதில்லை என்று அத்தியாயத்தில் எழுதியும்விட்டார். நெறியாளர் அவ்வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, கம்பி எவ்வளவு தாங்கும் என்று மட்டும் ஓரத்தில் கேட்டிருந்தார்.

தரவுக்கோப்பில் கம்பிகளின் வரம்பைச் சொல்லும் ஆறாம் பத்தி முழுவதும் பூச்சியம். அந்த மென்பொருளில் பூச்சியம் என்றால் இன்மை அன்று, எல்லையின்மை! முதற்கம்பிக்கு 100 என்று இட்டு மீண்டும் ஓட்டினார். ஒரே விலை சிதறியது. மலிவான மின்னாக்கியின் கணுவில் விலை இறங்கியது, பிற இடங்களில் ஏறியது. அதுவரை உறங்கிய விலைமிக்க மின்னாக்கி விழித்தது.

முனிர்காவுக்கு அருகிலுள்ள கட்வாரியா சராயில்தான் வடமண்டல மின்பகிர்வு மையம் இருக்கிறது. 2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு, 400 கிலோவோல்ட் பினா–குவாலியர் தடம் அறுபட்டது. இணைத்தடம் மேம்பாட்டுப் பணிக்காக முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. எஞ்சியதன் மிகுசுமையைக் காப்பு ரிலே தொலைவிலுள்ள பழுதென்று கொண்டது. கம்பியிலோ பழுதே இல்லை. வடமண்டலத்தில் ஏறத்தாழ 36,000 மெகாவாட் வீழ்ந்தது. மறுநாள் பகல் ஒரு மணிக்கு மூன்று மண்டலங்களில் சுமார் 48,000. தில்லி மெட்ரோ இரு நாளும் நின்றது.

ஆய்வாளர் அந்த வரியை அடித்துவிட்டார். அத்தியாயம் இன்னும் ஒப்படைக்கப்படவில்லை. மாதிரியின் 20 இணைப்புகளையும் ஒவ்வொன்றாக நீக்கி ஓட்டிவருகிறார். இப்போது நிற்பது பதினான்காவதில். அதை எடுத்தால் எட்டாம் பஸ், தன் மின்னாக்கியோடு, தனித்தீவாகிவிடுகிறது.