சேர், இந்த நனோ மருந்து நல்லதா?

கொஞ்சம் நீளமான பதிவு. சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். தோட்டத்தில் உள்ள சொந்தக்காரர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன மாதம் பாடசாலை விட்டு வந்தால், கேட் வாசலில் என் மாணவன் ஒருவனின் அம்மா நிற்கிறார். தூறல் மழை. இரண்டு கையையும் சால்வைக்குள் வைத்திருந்தார். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஒபரேஷன் முடிந்து கீமோ ஏற்றிக்கொண்டிருப்பவர். மலத்தில் இரத்தம் போனதை மூலம் என்று நினைத்துப் பல மாதம் கைமருந்து செய்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். (நம் பக்கத்தில் இது எத்தனை வீட்டில் நடக்கிறது!)

போனை நீட்டினார். 'நனோ மஞ்சள்' மாத்திரை விளம்பரம். நேரே கட்டிக்குள் போய்க் கரைக்குமாம், பக்கவிளைவே இல்லையாம். விலை, அவருடைய ஒரு மாதச் சம்பளத்தில் பாதி.

"இத வாங்கினா அந்த ஊசிய நிப்பாட்டலாமா சேர்?"

"ஏன் அக்கா நிப்பாட்டணும்?"

"பீலித் தண்ணிய தொட்டா கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு. பச்சத் தண்ணி குடிச்சா தொண்ட இறுகுது. வெரல்ல சொரண இல்லாம எப்படி சேர் கொழுந்து எடுக்கிறது? கிலோ கொறஞ்சா அரைப்பேருதான்."

கிளினிக் கொப்பியைப் பார்த்தேன். ஒக்ஸாலிபிளாட்டின். நரம்பைப் பாதிக்கும் மருந்து. குளிர் பட்டால் கூடும். நுவரெலியாக் குளிரில் எதைத் தொட்டாலும் குளிர்தானே.

நான் டொக்டர் இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அவருக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன். இரத்தத்தில் ஏற்றும் மருந்துக்குக் கட்டி எது, விரல் நரம்பு எது என்று தெரியாது. எல்லா இடத்துக்கும் போகும். அதனால்தான் மருந்தை மிகச் சிறிய கொழுப்புக் குமிழிக்குள் அடைத்து அனுப்பப் பார்க்கிறார்கள். குமிழி சுமார் 100 நனோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்பில் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கும். கட்டிக்குள் அவசரமாக வளரும் இரத்தக் குழாய்களில் ஓட்டை அதிகம், குமிழி அதன் வழியே கசிந்து உள்ளே தங்கும் என்று 1986இல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேடாவும் எழுதினார்கள். 1995இல் அமெரிக்காவில் டொக்சில் என்ற முதல் மருந்து வந்தது. ஆக, நனோ பொய்யில்லை.

ஆனால் பெருங்குடலுக்கு இன்று வழக்கமாகக் கொடுக்கும் கீமோ நனோ இல்லை. பெருங்குடல் புற்றுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கும் இரினோடிகனைக் குமிழிக்குள் அடைத்தார்கள். 2015இல் அதற்கு அனுமதி கிடைத்தது கணையப் புற்றுக்கு. வாயால் விழுங்குவது இன்னும் கஷ்டம். இரைப்பை அமிலத்தையும் சிறுகுடலையும் தாண்டிப் பெருங்குடலில் மட்டும் திறக்கும் உறை வேண்டும். அதற்கான ஆய்வுகள்தான் நடக்கின்றன. டொரொன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்து வருட ஆய்வுகளைத் திரட்டி 2016இல் கணக்குப் பார்த்தார்கள். பெரும்பாலும் எலிகளில் செய்தவை. ஏற்றிய நனோ துகளில் கட்டிக்குள் சேர்ந்தது ஏறக்குறைய 0.7 சதவீதம். ஆயிரம் பேர் பஸ் ஏறி, ஹட்டனில் ஏழு பேர் இறங்கியது போல.

இதெல்லாம் சொல்லிவிட்டு, "கை விறைக்கிறத டொக்டர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சேர். சனம் கூட. எனக்கு சிங்களமும் அவ்வளவு வராது. சொன்னா மருந்த நிப்பாட்டிருவாங்களோன்னும் பயம்."

எனக்குப் பேச்சு வரவில்லை. டொக்டரிடம் சொல்லப் பயந்தவர், விளம்பரத்தை நம்பித் தானே நிப்பாட்டப் பார்த்திருக்கிறார். அந்த மருந்தின் அளவைக் குறைக்கலாம், சில நாள் தள்ளிப் போடலாம், அதை மட்டும் விட்டு மற்றதைத் தொடரலாம். ஆனால் சொன்னால்தானே தெரியும்.

மகனின் கொப்பியில் ஒரு தாள் கிழித்து, எந்த விரல், ஊசிக்குப் பிறகு எத்தனை நாள், சட்டைப் பொத்தான் பூட்ட முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த கிளினிக்கில் தாளைக் காட்டியிருக்கிறார். அளவைக் குறைத்திருக்கிறார்களாம். நேற்று மகனிடம் விசாரித்தேன். "அம்மா கையுறை போட்டுத்தான் பீலிக்குப் போறாங்க சேர்" என்றான். அந்த விளம்பரம் மட்டும் போனில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறதாம்.