மீதி நேரம்



1924 பாரிஸ் ஒலிம்பிக். 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடெல் அதில் ஓட மறுத்தார். கர்த்தருடைய நாள் அவருக்கு முதன்மை. பிறகு 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். தங்கம் கிடைக்கும் என்று தெரிந்து அவர் மறுக்கவில்லை. மறு ஆண்டே சீனாவில் ஆசிரியரானார். 1945இல் அங்கே தடுப்பு முகாமில் மரித்தார்.

இதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதே நான், பொதுத்தேர்வு நெருங்கினால் ஞாயிறு காலையிலும் சிறப்பு வகுப்பு வைத்தேன். நானும் ஆராதனைக்குப் போகவில்லை, உங்களையும் போகவிடவில்லை. மதிப்பெண் வந்தது, கர்த்தருக்கு மீதி நேரம்தான் போனது. மன்னியுங்கள், பிள்ளைகளே.

இப்போது செய்தித்தாளுக்கும் செல்போனுக்கும் முன்னால் ஜெபம். இந்தப் பதிவும் அதற்குப் பிறகு எழுதியதுதான்.