இரண்டாம் மாடியில் ஒரு தொட்டி

ஜூன் 12

மேட்டூர் அணையின் மதகுகளைத் திறக்கும் காட்சி தொலைக்காட்சியில் ஓடுகிறது. சென்னை மேற்கு மாம்பலத்தில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடி. எழுபத்திரண்டு வயது அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறார். பிறந்து வளர்ந்தது திருவையாறு. புஷ்ய மண்டபப் படித்துறையில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து குளித்த உடம்பு. இப்போது இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஷவருக்குக் கீழே ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிறார்.

"தண்ணி மேல விழுந்தா அது குளியலாடி? தண்ணிக்குள்ள நாம இருக்கணும்."

வங்கியில் வேலை பார்க்கும் மகள் அன்று இரவே இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். வரைபடத்தில் ஐந்துக்கு ஏழு அடி என்று இருக்கிறது. டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே அளந்தால் நான்கடி ஒன்பதரை அங்குலம்தான். பூச்சுக்கும் டைல்ஸுக்கும் போனது இரண்டரை அங்குலம்.

ஜூன் 15

அந்த இரண்டரை அங்குலம் கடையில் வேலையைக் காட்டியது. சாதாரணமாகக் கிடைக்கும் சிறிய பாத்டப் 1500 மில்லிமீட்டர் நீளம், அதாவது நான்கடி பதினோரு அங்குலம். ஒன்றரை அங்குலத்தில் உள்ளே போகாது. விற்பனையாளர் பெரிதையே தள்ளப் பார்த்தார். மகள் அசையவில்லை. நாலரை அடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் ஓர் அக்ரிலிக் தொட்டியைக் குறித்துக்கொண்டு, முன்பணம் கொடுக்காமல் திரும்பினார். கொடுக்காமல் வந்ததே நல்ல காரியம்.

ஜூன் 18

இன்று தண்ணீர்க் கணக்கு. தொட்டியில் வசதியாக உட்கார 120 லிட்டர் வேண்டும். வாளிக் குளியலுக்கு 20 லிட்டர் போதும். ஆறு பேர் குளிக்கும் தண்ணீர். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாத் தேவைக்கும் சேர்த்தே 135 லிட்டர் என்று மத்திய அரசு அளவுகோல் வைத்திருக்கிறது.

2019 கோடையை இந்த வீடு மறக்கவில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கியது. குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்கு நின்ற ஊரில் தொட்டி நிறையத் தண்ணீரா என்ற கேள்வி மகளை உறுத்துவது நியாயம்.

அம்மாவே வழி சொன்னார். ஆற்றங்கரையில் செய்தது போல, முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வது. பிறகு சுத்தமான உடம்போடு தண்ணீருக்குள். ஜப்பானியர் வீடுகளில் இதுதான் இன்றும் வழக்கம். வெளியே கழுவிக்கொண்டு இறங்குவதால் ஒரே தண்ணீரில் குடும்பமே முறைவைத்து அமிழ்கிறது, மிச்சம் துணி துவைக்கப் போகிறது. இங்கே வாரம் ஒரு நாள். தண்ணீரை உடனே திறந்துவிடாமல் வாளியில் மொண்டு கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்வது என்று முடிவானது.

ஜூன் 21

சொல்லிவிட்டு ஆரம்பிப்போம் என்று கீழ் வீட்டுக்குப் போனார்கள். அந்த வீட்டு அக்கா பேசாமல் தன் குளியலறைக்குக் கூட்டிப்போய் மேலே கையைக் காட்டினார். மேற்கூரையில் தோசைக்கல் அளவுக்கு ஓதம். ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து, தொட்டால் சுண்ணாம்பு உதிர்கிறது. "இரண்டு வருஷமா இருக்கு. சொல்ல வேண்டாம்னு இருந்தேன்" என்றார். தொட்டி வருவதற்கு முன்பே மேலேயிருந்து ஒழுகிக்கொண்டிருக்கிறது!

மறுநாள் கட்டடப் பொறியாளர் வந்தார். தண்ணீர் 120 கிலோ, தொட்டி 25, அம்மா 60. ஆக 205 கிலோ. அது உட்காரும் இடம் ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல். வீட்டுக் குளியலறைத் தளத்துக்கு ஐஎஸ் 875 தரநிலை வைத்திருக்கும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், ஏறத்தாழ 200 கிலோ. சரியாக விளிம்பில் நிற்கிறது. தொட்டியைச் சுற்றி நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால் முன்பக்கம் மட்டும் இன்னொரு 150 கிலோ ஏறும். "செங்கல் வேண்டாம். இரும்புச் சட்டம் அடித்து சிமென்ட் போர்டு போடுங்க. அதுக்கு முன்னாடி தரைக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கணும்" என்றார்.

ஜூலை 2

தரையை உடைத்தார்கள். இந்தக் குளியலறைக்குச் சங்கன் ஸ்லாப்; தளத்தை ஓரடி தாழ்த்திக் கட்டி, குழாய்களைப் போட்டு, மேலே செங்கல் ஜல்லியால் நிரப்பியிருக்கிறார்கள். மேஸ்திரி ஒரு பிடி ஜல்லியை எடுத்து உள்ளங்கையில் வைத்து அமுக்கினார். விரலிடுக்கில் கறுப்புத் தண்ணீர் சொட்டியது. "ஊறிப்போய் கெடக்குது மேடம். குழாய் ஜாயின்ட் விட்டிருக்கு" என்றார். சித்தாள்கள் இரண்டு நாள் மூட்டை மூட்டையாகக் கீழே இறக்கினார்கள். எல்லாம் சேர்த்து ஒன்றரை டன் தேறும்.

காலியான பள்ளத்தை எடை குறைந்த ஏஏசி கல்லால் நிரப்பச் சொன்னார் பொறியாளர். நிரப்பின் எடை பாதிக்கு மேல் குறைகிறது. தொட்டி, தண்ணீர், ஆள் மூன்றையும் ஏற்றினாலும் தளத்தின் மேல் முன்பைவிடக் குறைந்த சுமைதான். இந்த வேலையில் மகளுக்குப் பெரிய நிம்மதி இதுதான். பழைய தரைக்கு மேலேயே தொட்டியை உட்கார வைத்திருந்தால், ஊறிய ஜல்லியின் எடையோடு அதுவும் சேர்ந்திருக்கும். ஓதமும் பெருகிக்கொண்டே போயிருக்கும்.

ஜூலை 11

வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு இரண்டு கை அடித்து, சுவரிலும் ஓரடி ஏற்றி, பள்ளத்தில் தண்ணீர் தேக்கி மூன்று நாள். தினமும் காலை கீழ் வீட்டுக்குப் போய் அண்ணாந்து பார்க்கிறார் மகள். புதிதாக ஈரம் இல்லை.

ஜூலை 19

தொட்டி உட்கார்ந்தது, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தாயிற்று. முதல் தடவை நிரப்பித் திறந்தபோது தரையிலிருந்த நானி ட்ராப் வழியாகத் தண்ணீர் குமிழியிட்டு மேலே வந்து குளியலறை முழுக்கப் பரவியது. ஷவர் தண்ணீர் சிறுகச் சிறுக வரும். தொட்டியோ 120 லிட்டரை ஒரே மூச்சில் தள்ளும். பிளம்பர் வேலை மிச்சம் என்று இரண்டையும் ஒரே ட்ராப்பில் சேர்த்திருந்தார். பிரித்து, தொட்டிக்கென்று தனி ட்ராப் வைத்து, நல்ல வாட்டத்தில் இரண்டு அங்குலக் குழாயை நேராக வெளிக்குழாயில் சேர்த்த பிறகு சரியானது. அந்த ட்ராப்புக்குக் கை எட்டும்படி முன்பலகையில் ஒரு சிறிய கதவு விடச் சொல்லிப் பிடிவாதமாக நின்றார் மகள். கதவு இல்லாமல் மூடியிருந்தால், அடைப்பு வரும் அன்று டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும்.

ஷவரை எடுக்கவில்லை. அது அதன் இடத்திலேயே இருக்கிறது.

ஜூலை 24

முழங்கால் வலி உள்ளவருக்குத் தொட்டியின் விளிம்புதான் ஆபத்து. ஒற்றைக் காலில் நின்று மறுகாலைத் தூக்கிப் போடும் அந்த ஒரு கணத்தில்தான் விழுவார்கள். பள்ளத்தைத் தோண்டியது இங்கே உதவியது. தொட்டியைக் கொஞ்சம் இறக்கி உட்கார வைத்ததில் விளிம்பு பதினாறு அங்குல உயரத்துக்கு வந்துவிட்டது. பக்கத்தில் அதே உயரத்தில் ஒரு கிரானைட் மேடை. அம்மா மேடையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே திரும்பி, ஒவ்வொரு காலாக உள்ளே வைக்க வேண்டும். சுவரில் இரண்டு எஃகுக் கைப்பிடிகள், டைல்ஸைத் துளைத்துச் சுவருக்குள் போல்ட் இறக்கி. மருத்துவர் சொன்னவை: வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும்; பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்; எழும் முன் தண்ணீரைக் குறைத்துவிட்டு, தலை சுற்றவில்லை என்று பார்த்துக்கொண்டு எழ வேண்டும்; வீட்டில் ஆள் இல்லாதபோது இறங்கக் கூடாது.

15 லிட்டர் கீசரை மாற்ற வேண்டுமோ என்ற கவலைக்கு மொட்டைமாடி பதில் சொல்லிவிட்டது. வெயில் நாளில் மாலை ஐந்து மணிக்கு மேல்தொட்டித் தண்ணீரே வெதுவெதுப்பாக இறங்குகிறது. கீசர் மார்கழிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பதினெட்டு. தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம். மாலையில் அம்மா மேடையில் உட்கார்ந்து, கைப்பிடியைப் பற்றி, வலது காலை முதலில் வைத்தார். தண்ணீருக்குள் இறங்கியதும் முழங்கால்கள் லேசாக மிதந்தன. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கையால் தண்ணீரை அள்ளி, பழைய வழக்கப்படி மூன்று முறை முன்னால் விட்டார். கதவுக்கு வெளியே நின்ற மகளிடம், "மஞ்சள் எடுத்துட்டு வாடி" என்றார்.

ஆகஸ்ட் 17

மூன்றாவது குளியலும் முடிந்தது. கீழ் வீட்டு அக்கா உப்புப் பூத்த இடத்தைச் சுரண்டி, புதிதாகப் பூசி வெள்ளையடித்திருக்கிறார். செலவு மேல் வீட்டுடையது. காய்ந்தே இருக்கிறது. பெற்றவர்களுக்காக வீட்டில் தொட்டி வைக்க நினைப்பவர்கள், கடைக்குப் போகுமுன் கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் குளியலறையின் மேற்கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.