அப்பாவும் ஒரு பழைய படகும்

தம்பி அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது நான் இரவு வேலையில் நின்றேன். அக்ஸ்பிரிட்ஜ் பக்கத்தில் அவனுடைய முதலாளியின் கொட்டிலுக்குள் ஒரு பொன்ரூன் படகு. 20 அடி நீளம், 1989இல் செய்தது. என் வயது. தரைப்பலகை உக்கி, இருக்கைகளுக்குள் எலி குடியிருந்தது. "இந்த வருஷத்துக்குள்ள எடுத்தால் சும்மா தாறாராம் அக்கா" என்று எழுதியிருந்தான். "உனக்கென்ன விசரோ?" என்று பதில் போட்டுவிட்டு மருந்து கொடுக்கப் போய்விட்டேன். காலையில் வீட்டுக்கு வந்தால், அப்பா சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் இருக்கிறார். படகு பார்க்கப் போக வேண்டுமாம்.

அதற்கு முன் ஒன்றரை வருடமாக அவர் தானாகச் சப்பாத்துப் போட்டதில்லை. பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. கால் ஓரளவு திரும்பியது, கை திரும்பவில்லை. கைப்பயிற்சிக்கு வந்த பெண் பிசைகிற மாவும் சின்னச் சின்ன முளைகளும் கொடுத்துவிட்டுப் போவார். "நான் என்ன நேசரிப் பிள்ளையோ?" என்று அப்பா அவற்றை மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார். நான் தாதி என்பதால் வீட்டில் அவர் என் நோயாளி ஆகிவிட்டார். உப்பு, மாத்திரை, படியேறுவது, குளிப்பது, எல்லாவற்றுக்கும் என் அனுமதி வேண்டும். நன்றாகப் பார்க்கிறேன் என்ற பெருமை வேறு.

அப்பா மயிலிட்டி. அப்பப்பாவுக்கு அங்கே சொந்த வள்ளம் இருந்தது. 1990இல் ஊரே இடம்பெயர்ந்தபோது நான் கைக்குழந்தை. வள்ளம் கரையில் நின்றபடி நின்றது. 2017இல் துறைமுகத்தை மக்களிடம் திருப்பிக் கொடுத்த செய்தியை டிவியில் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்ப் படுத்தார். கனடாவுக்கு வந்த பிறகு தொழிற்சாலை வேலைதான். கடலைப் பற்றி எங்களோடு அதிகம் கதைத்ததில்லை.

பொன்ரூன் படகு தெரியாதவர்களுக்கு: இரண்டு நீளமான அலுமினியக் குழாய்கள் மிதக்கும், அவற்றின் மேல் ஒரு தட்டையான மேடை, சுற்றிவர வேலி. அவ்வளவுதான். 1952இல் அமெரிக்காவில் மினசோட்டாவைச் சேர்ந்த அம்புரோஸ் வீரஸ் என்ற விவசாயி, இரும்புப் பீப்பாய்களை இரண்டு வரிசையாகப் பொருத்தி மேலே பலகை போட்டதிலிருந்து இது பரவியதாம். தம்பி இதை வாசித்துக் காட்ட, அப்பா சிரித்தார். "உதுக்கு எத்தனையோ காலம் முந்தியே எங்கட ஆக்கள் மரத்தைக் கட்டிக் கடலில விட்டவை."

முதல் வேலை குழாய்களில் ஓட்டை பார்ப்பது. இடது குழாய்க்குள் தண்ணீர் இருந்தது. அதை வடித்துவிட்டு, 2 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று அடைத்து, வெல்டிங் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூச வேண்டும். 2 பிஎஸ்ஐ என்றால் நம் இரத்த அழுத்தக் கணக்கில் 103 சொச்சம். அதைச் சொன்னதும் தம்பி, "படகுக்குப் பிரஷர் நோர்மல்" என்றான். எனக்கு இந்த வேலை பழக்கமானதுதான். நெஞ்சில் குழாய் வைத்த நோயாளிகளின் போத்தலில் குமிழி வருகிறதா என்று எத்தனை இரவுகள் பார்த்திருப்பேன்! பின்பக்க மூட்டு ஒன்றில் குமிழி வந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று எழும்பினேன். அப்பா குனிந்து கன்னத்தை ஈரமாக்கி, குழாயோடு ஒட்டி மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தார். "இஞ்ச ஒண்டு இருக்கு." நான் பூசி முடித்த இடம். திரும்பப் பூசிப் பார்த்தால் ஊசி முனை அளவு குமிழி.

அதோடு நான் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. தரைக்கு ஐந்து பிளைவுட் தேவைப்பட்டது. உக்காமல் இருக்க மருந்து ஏற்றிய பலகைதான் நல்லதென்று நானே வாங்கிக்கொண்டு வந்தேன். "இதென்ன பச்சை நிறம்? அலுமினியத்துக்கு ஒத்துக்கொள்ளுமோ?" என்று அப்பா கேட்டார். "எல்லாம் பார்த்துத்தான் வாங்கினனான், நீங்கள் இருங்கோ" என்றேன். நோயாளியிடம் பேசுகிற அதே குரலில். இரண்டு பலகை பூட்டிய பிறகு, குழாய் ஒட்ட வந்த வெல்டிங்காரர் தலையில் கை வைத்தார். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. ஈரம் பட்டால் அது அலுமினியத்தைத் தின்றுவிடும். கழற்றினோம். வெட்டிய பலகையைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. போன காசு என் காசுதான், அதில் எனக்குக் குறையில்லை. அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

அடுத்த சனிக்கிழமை வாலிபர் ஐக்கியப் பிள்ளைகள் நாலு பேர் வந்து, படகுக்கென்றே செய்த பலகைகளைத் தூக்கி வைத்தார்கள். (நோவா நோவா என்று அப்பாவைக் கேலி செய்தவர்களும் இவர்கள்தான்.) அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்து, டிரெயிலருக்குக் கீழே போய் இருந்தார். "அப்பா, அதுக்குள்ள போகாதேங்கோ" என்று வாய் திறந்தேன். "நான் உன்ர வார்ட்டில இல்லைப் பிள்ளை" என்றார். கோபமாக இல்லை. டிரெயிலர் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பேசாமல் மேலே ஏறினேன்.

மேலேயிருந்து நான் போல்ட்டை இறக்க, கீழேயிருந்து அவர் வாஷரும் நட்டும் போடுவார். போல்ட்டின் கழுத்து சதுரமாகப் பலகையில் இறுகிவிடுவதால் நட்டைத் திருக ஒரு கை போதும். வாஷரைப் போடுவதற்கு அவர் இடது கையைத்தான் வைத்துக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. விழும். தேடி எடுப்பார். திரும்ப விழும். நான் மேலே முழங்காலில் இருந்து, விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தேன். முதல் நாள் ஒரு மணித்தியாலத்தில் ஆறு போல்ட். மூன்றாவது சனிக்கிழமை நான் போல்ட்டை எடுப்பதற்குள், "என்ன, நித்திரையோ?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

கை முழுதாகத் திரும்பிவிட்டது என்று சொல்லவில்லை. சட்டைப் பொத்தான் இன்னும் நான்தான் பூட்டுகிறேன்.

ஆகஸ்டில் ஸ்குகோக் ஏரியில் இறக்கினோம். ஆழமில்லாத, பாசி மண்டிய ஏரி. தம்பி படகு ஓட்டுவதற்கான அட்டை எடுத்திருந்தான். எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி. நடு ஏரியில் பாசி சிக்கி எஞ்சின் நின்றுவிட்டது. நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்க, அப்பா வேலியைப் பிடித்து எழும்பி, காற்று எந்தப் பக்கம் என்று முகத்தைத் திருப்பினார். பிறகு, "அவசரமில்லை, எஞ்சினை மேல தூக்கிப் போட்டுப் பாசியை எடு" என்று இருந்துகொண்டார். அந்தப் பாசியை எடுக்க முக்கால் மணித்தியாலம் போனது. அவ்வளவு நேரமும் அவர் மயிலிட்டியைப் பற்றிக் கதைத்தார்.

இருக்கைகளுக்கு இன்னும் உறை இல்லை, பழைய போர்வைகள்தான் கட்டியிருக்கிறோம். தடித்த துணி தைக்கிற மெஷின் யாரிடமாவது இருந்தால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பாவிடம் சொல்லுங்கள். என்னைக் கேட்க வேண்டாம். ஓடாவி அவர்தான்.