இன்னொருக்கா பாருங்கள்

பத்தனை கல்வியியற் கல்லூரியில் படித்து முடித்து, தோட்டப் பாடசாலைக்கு முதல் நியமனம் வாங்கிக்கொண்டு போகும் பிள்ளைகள் பண்டாரவளையில் என் வீட்டுக்கு வந்து போவதுண்டு. தாதிமார் பயிற்சிக்கும் மருத்துவப் படிப்புக்கும் போகிறவர்களும் வருவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு மாணவனைப் பற்றியோ நோயாளியைப் பற்றியோ உங்கள் மனதில் துளி சந்தேகமும் இல்லாமல் போகிற நேரத்தில்தான் இன்னொருக்கா பார்க்க வேண்டும்.

நம் சைவ சித்தாந்திகள் இதை ஆழமாக யோசித்தவர்கள். அளவை இயலில் ஐயத்தையும் திரிபையும் தனித்தனியே வைத்தார்கள். அந்தி இருட்டில் கிடப்பது கயிறா பாம்பா என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே முடிவுகட்டுவது திரிபு. ஐயப்படுகிறவன் விளக்கைக் கொண்டுவந்து பார்ப்பான். திரிபில் இருப்பவனுக்கு விளக்கே தேவைப்படாது. தப்பாக நினைக்கிறவனுக்கும் சரியாக அறிந்தவனுக்கும் உள்ளே இருக்கும் நிம்மதி ஒன்றுதான்; அதனால் அந்த நிம்மதியை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுத்த ஓர் அக்கா, திடீரென்று பெரட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். சித்திரை வெயிலிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரத்தில் கிடந்தாள். செத்துப்போன மாமியார் இஸ்தோப்பில் நின்று ஏசுகிறாள் என்றாள். முனி அடித்துவிட்டது என்று லயமே சொன்னது. கோடாங்கி வந்து விடிய விடிய உடுக்கடித்தார். பிறகு ஒரு வைத்தியர் நிமிர்ந்து பார்க்காமலே மனநோய் என்று துண்டில் எழுதினார். அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று பேச்சு எழுந்தது. ஒருவர் படிக்காதவர், மற்றவர் படித்தவர். இருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஓர் இளம் டாக்டர் அவளுடைய குரலைக் கவனித்தார். ஆம்பிளைக் குரல்போல் கரகரத்திருந்தது. புருவத்தின் வெளிக்கோடி உதிர்ந்திருந்ததையும் தோல் காய்ந்து தடித்திருந்ததையும் பார்த்தார். அவளைக் கதிரையில் முழங்காலிடச் சொல்லி, குதிக்காலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று அசைந்தது. திரும்பி வருவதற்குத்தான் நேரமெடுத்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தைரொயிட் சுரப்புக் குறைவு. தினம் ஒரு குளிசை. சில மாதங்களில் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள்.

தைரொயிட் சுரக்க அயோடின் வேண்டும்; மழை அரிக்கும் மலைமண்ணில் அது நிலைப்பதில்லை. தொண்ணூறுகளில் அயோடின் உப்பு கட்டாயமாகுமுன் ஊவாவில் கழலைக் கழுத்து அதிசயமாக இருக்கவில்லை. அப்படியிருந்தும் அந்த அக்காவின் கழுத்தை லயத்தில் யாரும் பார்க்கவில்லை.

1949 இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய டாக்டர் இப்படிப்பட்ட 14 பேரைப் பற்றி எழுதினார். புத்தி பேதலித்தவர்களாகத் தெரிந்த அவர்களில் பெரும்பாலோர் தைரொயிட் மருந்தில் தேறினார்கள். அதே ஆண்டில்தான் மூளையின் முன்பகுதி நரம்புகளை வெட்டும் சிகிச்சைக்காக எகாஸ் மோனிஸ் நோபல் பரிசு பெற்றார். உலகமே மெச்சிய அந்த வெட்டுச் சிகிச்சையைப் பிற்பாடு மருத்துவ உலகம் கைவிட்டது. வெட்டப்பட்டவர்களுக்கு வெட்டியதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. குளிசை தவறென்றால் நிறுத்திவிடலாம். எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகப் படுகிறது.

ஐயம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதல்ல. தொண்ணூறுகளின் நடுவில் இலங்கையில் தற்கொலை உச்சத்தில் இருந்தது. யார் எப்போது பூச்சிமருந்தைத் தூக்குவார் என்று எந்த நிபுணராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அதனால் கொடிய பூச்சிமருந்து வகைகளைப் படிப்படியாகத் தடைசெய்தார்கள். சாவுகள் வெகுவாகக் குறைந்தன. யாருடைய மனதையும் அறிந்துவிட்டதாக நினைக்காமல் செய்த வேலை அது.

பாடசாலைக்கு வருவோம். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லும் ஆசிரியரும் அந்தத் துண்டை எழுதிய வைத்தியர் மாதிரித்தான். 1905 இல் பாரிஸில் அல்பிரெட் பினே புத்தியை அளக்கும் சோதனையை உண்டாக்கியது, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று அறியத்தான். புத்தியைக் கூட்டவே முடியாது என்பவர்களை அவரே கண்டித்து எழுதினார். ஆனால் அமெரிக்காவில் அதையே பிள்ளைகளைத் தரம்பிரித்து ஒதுக்கும் முத்திரையாக்கினார்கள். நாங்கள் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியை வைத்துப் பத்து வயதுப் பிள்ளைக்குச் செய்வதும் ஏறக்குறைய அதுதான். இது என்னை இன்றும் வருத்துகிறது. லயத்துக் காம்பராவில் ஒரே விளக்கில் நாலு பேர் படிக்கும் வீட்டுப் பிள்ளையின் புள்ளி அந்த விளக்கையும் சேர்த்துத்தான் அளக்கிறது.

வகுப்பில் மந்தமாகத் தெரியும் பிள்ளையைப் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பாவிட்டால் காதைப் பாருங்கள். சீழ் வடியும் காது தோட்டத்தில் நிறைய உண்டு. கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதும்போது பிழைவிட்டு, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்துச் சரியாக எழுதினால் கண். குள்ளமாக, மலச்சிக்கலோடு, எந்நேரமும் தூக்கமாக இருந்தால் தைரொயிட் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஒன்றுமே அகப்படாவிட்டாலும் "படிக்காத பிள்ளை" என்று எழுதாதீர்கள். எது வரவில்லை, எந்தத் தேதியில் வரவில்லை என்று எழுதுங்கள். அடுத்த தவணையில் அதைத் திருத்தி எழுதலாம்.

பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்குச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்திலிருந்து வருவார்கள். அன்றைக்குக் கொழுந்து உச்சத்தில் இருந்தாலும் கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துத் தாயை வரவழையுங்கள். காது எப்போதிலிருந்து ஒழுகுகிறது என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.